போறேன்னு மட்டும் சொன்னவன்

அந்த நாற்காலி ஆடும் டாக்டரம்மா, இதுல உக்காருங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் அதுல உக்காந்துதான் திண்டாடுவாங்க.

வளர்ந்த விதத்தைப் பத்திக் கேட்டீங்க. கோர்ட்டு அனுப்பின ஆளுங்க இருக்கிற மனநல வார்டு இது. யாரைக் கேட்டாலும் குடிகார அப்பன், அடி, உதைன்னுதான் சொல்வாங்க. எனக்கு அதெல்லாம் கிடையாது. என்னை யாரும் அடிச்சதே இல்ல. அடிக்கணும்னாலும் பக்கத்துல வரணுமே. அம்மா என்னை விடுதி வாசல்ல விட்டுட்டு, "போயிட்டு வரேன் கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனா. இன்னும் வரல. வழியில ஏதாவது வேலை இருந்திருக்கும்.

பக்கத்துக் கட்டில்காரனைக் குச்சின்னு கூப்பிடுவோம், அவ்வளவு ஒல்லி. சொந்த அண்ணனைக் கொன்னுட்டு இங்க வந்தவன். ஆனா தங்கமான பையன். என் போர்வை நழுவினா எடுத்துப் போத்திவிடுவான். என்னை "அண்ணே"ன்னு கூப்பிடுவான். அண்ணனைக் கொன்னவன் அண்ணேங்கிறானேன்னு மத்தவங்க கேலி பண்ணுவாங்க. பண்ணட்டுமே, எனக்கென்ன. என்னை அப்படிக் கூப்பிட வேற நாதி கிடையாது.

இங்க ஒரு வழக்கம் இருக்கு. குணமாகிப் போறவன் "போயிட்டு வரேன்"னு சொல்லக் கூடாது. சொன்னா திரும்பி வந்துடுவானாம். "போறேன்"னு மட்டும் சொல்லணும்னு அட்டெண்டரே சொல்லிக் குடுப்பாரு.

அன்னிக்குக் காலையில குச்சியைக் கூட்டிட்டுப் போக அவன் அக்கா வந்திருந்தாங்க. கீழ ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவன் புதுச் சட்டையில பொத்தானை மாத்திப் போட்டிருந்தான். கழுத்துப் பொத்தான்ல இருந்து ஒவ்வொண்ணா நான்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்.

"அண்ணே, போறேன்"னான்.

"அப்படிச் சொல்லாதடா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"இங்கயா? ஐயோ, ஆளை விடுண்ணே"ன்னு சிரிச்சான்.

என் கை அவன் கழுத்துகிட்டதான் இருந்தது. எடுக்கல. சொல்லு, சொல்லுன்னு பொறுமையாத்தான் கேட்டேன். காலை உதைச்சான். கட்டில் கிரீச்சுன்னது. எனக்குக் கோபமே இல்ல, இதை நல்லா மனசுல வச்சுக்குங்க. ஒரு வார்த்தைதான கேட்டேன், அதுகூடப் பெரிசா?

அட்டெண்டருங்க வந்து என்னை இழுத்துப் போட்டப்ப அவன் அசையாம கிடந்தான். அக்கா மாடிக்கு ஓடி வந்து, "எழுந்திருடா, வீட்டுக்குப் போலாம்"னு அவன் கன்னத்தைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. எனக்கே பாவமா இருந்தது. அவங்களுக்கு வீடு இருக்கு, போய்ப் படுத்துக்கலாம். எனக்கு அந்தப் பக்கத்துக் கட்டில் மட்டும்தான்.

ஆமா, நான்தான் கழுத்தை நெரிச்சேன். மறைக்க என்ன இருக்கு. ஆனா கடைசியா அவன் வாயைத் திறந்தான். "போயிட்டு"ன்னுதான் ஆரம்பிச்சான், என் காதால கேட்டேன். மீதியைச் சொல்லத்தான் மூச்சு பத்தல.

வந்துடுவான். அதுவரைக்கும் அந்தக் கட்டிலை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.