நாப்பது கிலோமீட்டர் வெள்ளோட்டம்

ஒண்ணும் ரிப்பேர் இல்ல தம்பி, பயப்படாதீங்க. நீங்க மிதிச்சது சரிதான். வண்டிதான் கொஞ்சம் யோசிக்கும். மிதிச்ச உடனே போகாது, ஒரு மூச்சு எடுத்துக்கும், அப்பறம்தான்... ஆங், பாத்தீங்களா? முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சா? அதான் டர்போ. அந்த ஒரு நொடி தாமசத்தப் பத்தி மட்டும் எங்க வீட்டுக்காரரு ஒரு மணி நேரம் பேசுவாரு. எங்கிட்டதான். வேற யாரு உக்காந்து கேப்பா?

இல்ல இல்ல, இங்க திரும்ப வேண்டாம், நேரா போங்க. டவுனுக்குள்ளயே ஓட்டிட்டு இருந்தா இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. சிக்னல் சிக்னலா நின்னு போற வரைக்கும் இது பரம சாது. ஹைவேல ஏத்தினாதான் குணம் தெரியும். குடும்பத்துக்கு வாங்குறீங்க, நாளைக்கு ஏன் சொல்லலன்னு என்னக் கேக்கக் கூடாது பாருங்க.

எனக்கா? ஓட்டத் தெரியாது. ஆர்.சி. புக்கு என் பேர்ல, சாவி அவர் பையில. நாலு வருஷமா எனக்கு இந்தப் பக்கத்து சீட்டுதான். ஓட்டத் தெரியாதவ இவ்வளவு பேசுறாளேன்னு பாக்காதீங்க. வாய மூடிக்கிட்டு பக்கத்துல உக்காந்து கேட்டா எந்த வித்தையும் பாதி வந்துடும்.

இன்ஜின் ஆயிரத்தி ஐந்நூறு சி.சி.தான். இவ்வளவு நீள வண்டிக்கு அது காணாது. அதனால என்ன பண்ணிருக்கான், வெளிய போற பொகையப் புடிச்சு ஒரு சின்ன காத்தாடியச் சுத்த விட்ருக்கான். அது சுத்துற வேகத்துல கூட இருக்குற இன்னொரு காத்தாடி வெளிக்காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்குது. காத்து கூடினா பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். வேண்டாம்னு தள்ளுறத வெச்சே வேல வாங்குறான். எவ்வளவு புத்திசாலி பாரு, வண்டி விடுற பெருமூச்சக்கூட வீணாக்கலம்பாரு. நான் விட்ட பெருமூச்சுக்கு ஒரு லாரியே ஓடியிருக்கும். சரி, அத விடுங்க.

ஓவர்டேக் பண்ணுங்க, அந்த டேங்கர. கியரக் கொறைங்க, இப்ப மிதிங்க... ம்! லேசா விசிலடிக்குதுல்ல, அது காத்தாடி சத்தம். கோளாறு இல்ல, பயப்படாதீங்க. ஸ்டியரிங்கப் பாருங்க, பார்க் பண்ணும்போது ஒத்த விரல்ல சுத்துச்சு, இப்ப வேகம் ஏற ஏற கெட்டியாயிடுச்சா? அப்படித்தான் இருக்கணுமாம். பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். ஒண்ணு பள்ளத்துல விழுந்தா மத்ததுக்குத் தெரியாது. எங்க வீடும் அப்படித்தான் ஓடுச்சு தம்பி, அலுங்காம குலுங்காம.

போன் அடிக்குது பாருங்க. வீட்லேந்தா? ஓரமா நிறுத்திப் பேசுங்க, ஓட்டிக்கிட்டே பேசாதீங்க. வந்துடுறேன்னு சொல்லுங்க, எப்பன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஆச்சா? போலாமா? இன்னும் கொஞ்ச தூரம்தான். வெலதான? வெலைய இறங்கினதும் பேசுவோம். ஆங், வீட்ல வெச்சே கேட்டீங்க, பின் சீட்டு இடுக்குல என்ன பிஸ்கட் தூளுன்னு. எங்க வீட்ல சின்னப் புள்ள கெடையாது தம்பி. இந்த வண்டில நான் ஒரு தடவ கடலை உரிச்சேன்னு மூணு நாள் எங்கிட்ட பேசாம இருந்தவரு எங்க வீட்டுக்காரரு. சீட்டத் தொடைக்க ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, எனக்குத் தனியா ஒரு பழைய துண்டு, சீட்ல போட்டு உக்காரணும். அப்பேர்ப்பட்ட வண்டில பிஸ்கட் தூளு.

ஏன் விக்கிறேன்னு கேட்டீங்கல்ல? சொல்றேன். டர்போ வண்டிய வெரட்டி ஓட்டிட்டு வந்தா உடனே ஆஃப் பண்ணக் கூடாதும்பாரு. காத்தாடி சூட்டுல தகதகன்னு இருக்கும், ஆயில் சுத்திச் சுத்தி அத ஆத்தணும், ரெண்டு நிமிஷம் நின்ன எடத்துல ஓட விடணும்பாரு. பக்கத்துல கடைக்குப் போய்ட்டு வந்தா வேண்டியதில்ல. தூரம் தொலைவு போய் நல்லா மிதிச்சுட்டு வந்தாதான். அதுல அவரு ஒரு நாளும் தப்பினதில்ல. எனக்குக் காய்ச்சல்னு வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கும், நான் வாசல்ல நின்னு நடுங்குறேன், அவரு ரெண்டு நிமிஷம் வண்டிய ஆத்திட்டுதான் வந்தாரு.

அவரு ஆபீஸ் எங்க வீட்லேந்து மூணு கிலோமீட்டர். சாயங்காலம் வருவாரு, கேட்டு சத்தம், உடனே இன்ஜின் நிக்கும். நான் டீக்கு அடுப்பு மூட்டுவேன். ஆனா வியாழக்கிழமை மட்டும் நிக்காது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஓவர்டைம்னு சொல்லிட்டு எட்டு மணிக்கு வருவாரு, வாசல்ல வண்டி உர்ருனு ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷம். மூணு கிலோமீட்டர் வந்த வண்டிக்கு எதுக்குய்யா இவ்வளவு ஆத்தல்? பொண்டாட்டிக்குப் பொய் சொல்ற மனுஷன், வண்டிக்குப் பொய் சொல்ல முடியல பாருங்க.

நீங்க நெனைக்கிறதத்தான் நானும் நெனைச்சேன். வேற பொம்பளன்னு. ஆறு மாசம் அந்த நெனப்போட சோறு போட்டேன். போன வாரம் அவரு குளிக்கப் போன நேரம், இந்தக் கண்ணாடில ஒட்டியிருக்குல்ல கேமரா, அதுல இருக்குற சின்ன கார்ட உருவி டிவில போட்டுப் பாத்தேன். பழசெல்லாம் அதுவே அழிச்சுக்கும், கடைசியா ஓடுன மூணு மணி நேரந்தான் இருக்கும். அது போதும்னு ஆயிடுச்சு.

எங்களுக்கு ஒரே பொண்ணு தம்பி. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கூட வேல பாத்த பையனக் கட்டிக்கிட்டா, எங்களக் கேக்காம. அன்னிக்கு இவரு என் கையப் புடிச்சு இழுத்துத் தன் தலைல வெச்சாரு. அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, மீறினா நீ என்னப் பொணமாத்தான் பாப்பேன்னாரு. பண்ணினேன். புருஷன் உசுராச்சே. அவ போன் பண்ணுவா, நான் கட் பண்ணுவேன். வலி எடுத்துடுச்சும்மான்னு ஒரு நாள் மெசேஜ் வந்துச்சு, அதுக்கப்பறம் போன் அடிச்சுது. மூணு தடவ. தலகாணிக்கு அடில போன வெச்சு, அது மேல உக்காந்துக்கிட்டேன் தம்பி. அதுக்குப் பெறகு அவ கூப்பிடல. நீங்க அப்படிப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

டிவில ஒரு பச்ச கேட்டு. நாலு வயசு இருக்கும், ஒரு பையன் தாத்தா வண்டி, தாத்தா வண்டின்னு கத்திக்கிட்டு ஓடி வரான். பின்னாலயே என் பொண்ணு வரா. எளைச்சுப் போயிருக்கா. அந்தக் கேமரா உள்ள பேசுறதையும் புடிக்குமாம். அவருக்கு அது தெரியாது போல, இன்ஜினப் பத்திதான் எல்லாம் தெரியும். மூணு பேரும் ஏறி ஒரு ரவுண்டு போறாங்க. அவ கேக்குறா, அம்மா என்னதான்பா சொல்றாங்கன்னு. இவரு சொல்றாரு, நானும் அஞ்சு வருஷமாக் கெஞ்சிப் பாத்துட்டேம்மா, அவ மனசு கல்லு, எறங்கி வர மாட்டேங்குறான்னு.

கல்லு. நானு.

அழுக வரல தம்பி. எரிஞ்சுது. போய்ப் பாக்கணும்னு தோணுச்சுன்னா, வாடி போலாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லிருப்பேன்? சத்தியம் வாங்கினவரு எங்கிட்ட எப்படி எறங்கி வர்றது, கௌரவம் என்னாகுறது. அதுக்கு நான் கல்லாகணும். எறங்கிப் போன புண்ணியவான் அவரு, பேரனுக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்த தாத்தா அவரு. எனக்கு இந்தப் பக்கத்து சீட்டும் ஒரு துண்டும்.

கார்ட இருந்த எடத்துலயே சொருகிட்டேன். ஒரு வார்த்த கேக்கல. அவரு நேத்துதான் கம்பெனி வேலையா வெளியூர் போனாரு, நாளன்னிக்குதான் வருவாரு. சாவிய அலமாரில வெச்சுட்டுப் போனாரு. வண்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும். தெரிஞ்சவங்களக் கூப்பிட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. வாங்க வர்றவங்க வண்டியப் பத்தி மட்டுந்தான் கேப்பாங்க. அதான் விளம்பரம் குடுத்தேன். ஆட்டோல போயிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? ஆட்டோ சத்தத்துக்கு அந்தப் பையன் வெளிய வர மாட்டானே.

கோவப்படாதீங்க. நாப்பது கிலோமீட்டர் ஓட்டியாச்சு, வண்டியும் ஒண்ணும் கொற வெக்கல. நாப்பதே கிலோமீட்டர் பாருங்க, அஞ்சு வருஷமா. இப்ப வலது பக்கம் திரும்புங்க, அந்தத் தண்ணி டேங்க் சந்துல. ஊரும் தெரு போர்டும் டிவிலயே தெளிவாத் தெரிஞ்சுது. கொஞ்சம் மெதுவா.

வெலையத்தான கேட்டீங்க? என் பொண்ணு என்ன உள்ள விட்டான்னா வண்டி விக்கிறதுக்கு இல்ல, மன்னிச்சுக்கங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு நீங்க பஸ்ல போய்க்கங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்ட சாத்திட்டான்னா, உங்க வாயில வர்ற வெலைக்கு எடுத்துக்கங்க, இங்கயே கையெழுத்துப் போடுறேன். அவரு வரும்போது ஷெட்டு காலியா இருக்கட்டும்.

அதான். பச்ச கேட்டு. நிறுத்துங்க... வந்துட்டான் பாருங்க, என்ன ஓட்டம் ஓடுறான். தாத்தான்னு நெனச்சு உங்க பக்கந்தான் வருவான். கண்ணாடிய எறக்கி, தாத்தா வரலடா, அந்தப் பக்கம் போய்ப் பாருன்னு சொல்லுங்க. யாருன்னு கேட்டா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. அத நான் சொல்லிக்கிறேன்.