வருவார்னு நம்புறேன்

— மறுபடியும் தப்பு. ‘வியேனே’ இல்லடி மகளே, ‘வெங்கா’! எங்க, பூவைக் கட்டிக்கிட்டே ஸ்பானிஷ்ல சொல்லு பார்ப்போம்: என் புருஷன் வருவார்னு நம்புறேன்.

— வர்றதுக்கு ‘வியேனே’ன்னு நேத்து நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, தோன்யா?

— அது நிஜமாவே வந்துக்கிட்டு இருக்கிறதுக்கு. பஸ் வருது, மழை வருது, எனக்கு மூட்டு வலி வருது. அதுக்கெல்லாம் ‘வியேனே’. ‘நம்புறேன்’னு வாயைத் திறந்தியோ, சொல்லோட வால் மாறிடும். ஏன்னா அது இன்னும் நடக்கல பாரு.

— எங்க ஹைட்டி பாஷையில நடந்தாலும் நடக்காட்டாலும் ஒரே சொல்லுதான்.

— அதான் எங்க ஸ்பானிஷ் உன்னை இந்தப் பாடு படுத்துது. நாளைக்கு அகதி ஆபீஸ்ல ‘புருஷன் எங்க’ன்னுதான் முதல்ல கேட்பாங்க. அங்க போய் உளறி வைக்காதே. சொல்லு.

— நடக்கவே போறதில்லன்னா, தோன்யா? அப்போ எந்த வால்?

— நடக்காதுன்னு தெரிஞ்சா எவ ‘நம்புறேன்’னு சொல்லுவா? கேள்வியைப் பாரு! செண்டுமல்லி போதும், தண்ணி டம்ளரைக் கொண்டா. வருஷத்துல இந்த ஒரு ராத்திரிதான் செத்தவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து நம்மளைப் பார்க்க வர்றாங்க, தாகமா வருவாங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணு, என் தங்கச்சிக்கு ஒண்ணு... ஏய், இதென்ன இது?

— எது?

— உன் புருஷன் தியூவிலோட படம்! இங்க யாரு வச்சா?

— நான்தான். உங்கப்பா பக்கத்துல.

— எடுடி, எடு! கன்னி மாதாவே, ஊர் வழக்கம் தெரியாத பொண்ணை என்ன சொல்றது! இது வீட்டுப் படம் வைக்கிற இடமில்ல, ரோஸ்மென். இந்தப் படையல்ல செத்தவங்களுக்கு மட்டும்தான் இடம். உயிரோட இருக்கிறவனை இங்க வச்சா அவனுக்கே ஆகாது.

— தெரியும்.

— தெரிஞ்சுமா வச்சே? பாவம், வடக்கு எல்லையில ஆத்தைத் தாண்டி, ஒரு வேலையைப் பிடிச்சு, உன்னைக் கூப்பிட்டுக்கணும்னு போன மனுஷன்டி அவன்!

— காலையில பூ வாங்கப் போனப்போ வில்னரைப் பார்த்தேன். இவர்கூடப் போனவன். தனியா திரும்பி வந்திருக்கான்.

— தனியாவா? ...இங்க வா, கண்ணு. கிட்ட வந்து உக்காரு. அவன் என்ன சொன்னான்?

— ஒரு டம்ளர் குறையுது. ஆத்தோட போனவருக்கும் தண்ணி வைக்கணுமா, தோன்யா?