சிவப்புத் தண்ணி

...இதுல என் தப்பு என்ன இருக்கு, நீயே சொல்லு மாரி! உக்காரு, உக்காரு. பக்கத்து வீட்டுக்குக் குடி வந்து எத்தனை நாளாச்சு, இன்னிக்குத்தான் வாசப்படி ஏறியிருக்கே. கறிவேப்பிலைதானே, தர்றேன். மரம் எங்க ஓடிடப் போவுது? மொதல்ல இந்தத் தண்ணியக் குடி. என்னடி அப்படிப் பாக்குறே? ரத்தம் இல்ல, பதிமுகம்! உங்க திருநெல்வேலிப் பக்கம் பச்சத் தண்ணி குடிப்பீங்க. இங்க மட்டாஞ்சேரில எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த மரச் சீவலப் போட்டுக் கொதிக்க வச்ச சிவப்புத் தண்ணிதான். ஒடம்புக்கு நல்லது. குடி மோளே.

ஆங்... என்ன சொல்லிட்டிருந்தேன்? ரஹீனா. என் மவ. அந்த ரூம் கதவு மூடியிருக்கு பாத்தியா? ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்படித்தான். எங்கிட்டப் பேச்சு இல்ல. பெத்தவகிட்ட!

எல்லாம் அந்த ஆட்டு மயிரால வந்தது. "கம்பளிம்மா, கம்பளி"ம்பா. எதுவா இருந்தா என்ன, ஆட்டு முதுகுல இருந்ததுதானே? இந்தக் கொச்சில ஃபேன் நின்னா நாம வெந்து போறோம், இவ எங்கேர்ந்தோ பொட்டலம் பொட்டலமாக் கம்பளி வரவழைக்கிறா! அதுக்குச் சாயம் ஏத்தி, காய வச்சு, சீப்புப் போட்டு வாரி, தக்ளியில நூலா நூப்பாளாம். பெத்தவ தலைய ஒரு நாள் வாரி விட்டதில்ல, ஆட்டு மயிர வாரி விடுறா! கேட்டா, ஜூ டவுன்ல, அதான் யூதத் தெருவுல, ஒரு கடைக்காரங்க அந்த நூல வாங்குறாங்களாம். வெள்ளக்காரங்க தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்களாம். பாக்கட்டும். அவங்க ஊர்ல குளிரு இருக்கு.

சாயமாவது கடையில வாங்குறாளா? இல்லையே! நாம குடிக்கிற இதே பதிமுகம்தான். கூடவே படிகாரம். அதான், சவரம் பண்ணிட்டு மூஞ்சில தேய்ப்பாங்களே, அந்தக் கல்லு. அது இருந்தாத்தான் கம்பளி சாயத்தப் பிடிக்குமாம். மெதுவாச் சூடாக்கி, அடுப்ப அணைச்சு, அந்தத் தண்ணிக்குள்ளயே ஆற விடணுமாம். கிண்டக் கூடாது, கையே வைக்கக் கூடாது. என்னமோ புள்ளைத்தாச்சி தூங்குற மாதிரி!

ஏன் மூஞ்சியச் சுளிக்கிற? ...பாத்தியா, கேக்குற உனக்கே பொறுக்கல. கூட இருக்குற எனக்கு எப்படி இருக்கும்?

இப்பக் கேளு. போன ஞாயித்துக்கிழமை பாலக்காட்டுலேர்ந்து அவளப் பொண்ணு பாக்க வர்றாங்க. நம்மளப் போலத் தமிழ் பேசுற ராவுத்தர் குடும்பம். நான் அடுக்களைக்குப் போனா, பெரிய பாத்திரத்துல செவேல்னு கம்பளி ஊறிக் கெடக்கு! வர்ற பொம்பள எட்டிப் பாத்தா, ஆட்ட மயிரோட வேக வைக்கிறோம்னு நெனைக்க மாட்டாளா? அள்ளி எடுத்தேன். சுடச்சுட. பைப்புக்கு அடியில வச்சு, சோப்புப் போட்டு, நல்லாக் கும்மித் தொவச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? அது சுருங்கி இறுகி அடை மாதிரி ஆயிடுச்சு. இனிமே நூக்கவே முடியாதாம். தூக்கிப் போட மனசு வருமா? இதோ, சாயாப் பாத்திரத்துக்கு அடியில வச்சிருக்கேன். நல்லாச் சூடு தாங்குது!

பையன் பேரு ஷாஹிர். தங்கமான புள்ள. இதுவரைக்கும் வந்த ஒருத்தனையும் ஏறிட்டுப் பாக்காதவ, இவனப் பாத்துச் சிரிச்சாடி! அவன் தக்ளிய வாங்கித் தப்பும் தவறுமாச் சுத்துறான், இவ சொல்லிக் குடுக்குறா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு, சத்தியமா.

பின்னே, நெய்ச்சோறும் கறியும் தின்னவங்க தண்ணி கேக்க மாட்டாங்களா? அடுப்பு மேல அந்தப் பாத்திரம் மூடி போட்டு, சிவப்பா இருந்துச்சு. மோந்து குடுத்தேன். கம்பளியத்தான் எடுத்தாச்சே! அந்த நேரத்துல படிகாரம் யாருக்கு நெனப்பு வருது?

ஷாஹிரோட அம்மாவுக்கு வாய் அப்படியே சுருங்கிக்கிச்சு. என்ன தண்ணி இதுன்னு கேக்க வர்றாங்க, நாக்குப் பெரள மாட்டேங்குது. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நான் என்ன பண்ண? "என் மவ வச்ச தண்ணி, அவளுக்கு அடுக்களைப் பழக்கம் பத்தாது"ன்னேன். பொய்யா அது? அவ வச்சதுதானே! அவ ஒரு பார்வ பாத்தா பாரு... ஆனா வாயத் தொறந்து "அம்மாதான் குடுத்தாங்க"ன்னு சொல்லல. அதான் எனக்கு... சரி, அத விடு.

இன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு முடிவச் சொல்றதா இருக்காங்க. வரட்டும் ஃபோன். சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா, நான் பழக்கி அனுப்புறேன்னு சமாளிச்சுடுவேன். உள்ளதச் சொன்னா என் மானம் என்னாவுறது? என் நாக்கப் பத்தி உனக்குத் தெரியாது மாரி, இந்தத் தெருவுல எவளும் என்னப் பேசி ஜெயிச்சதில்ல. நீ நல்ல பொண்ணு. அப்பலேர்ந்து ஒரு வார்த்த குறுக்கப் பேசல.

இன்னிக்கும் பாரு, புதுக் கம்பளிக்குச் சாயத் தண்ணி காய்ச்சி வச்சிருக்கா. நான் விவரமாயிட்டேன்ல? அடுப்பத் தொடைக்கிறப்போ ரெண்டு பாத்திரத்தையும் நானே எடம் மாத்தி வச்சுட்டேன். குடிக்கிறது ஜன்னல் பக்கம், சாயம் இந்தப் பக்கம்... இல்ல, ஜன்னல் பக்கம் மொதல்லயே... எதுவோ ஒண்ணு.

எங்கடி எந்திரிச்சுட்டே? என்ன கையக் காட்டுறே? வாயத் தொறந்து சொல்லேன்! கறிவேப்பிலை வேண்டாமா? ஏ மாரி! ...போயே போயிட்டா. ஒரு வாய்தான் குடிச்சிருக்கா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு நல்ல தண்ணியோட அருமை எங்க தெரியுது? கொட்டவா முடியும், நானே...

...த்தூ! யா ரப்பே! ரஹீனா! ஏ ரஹீனா! நாக்கு... நாக்கு ஒட்டுதடி...

ஃபோன் அடிக்குது. அவங்கதான்... பாலக்காடு... கதவத் தொற. எனக்குப் பேச்சு வரல. நீயே எடு... எடுத்து, அன்னிக்கு யாரு மோந்து குடுத்தாங்கன்னு... சொல்லிடு மோளே.