இருபது நிமிடமும் ஒரு நிமிடமும்

ஒரே வீடியோவை இரண்டு கணினிகளிலும் ஓட்டிப் பார்க்காமல் யாரும் புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் கூடாது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகம் விற்பவர்களுடைய வீடியோவுக்கான வேகம். நம்மிடம் வருவதோ பூஞ்சணம் பிடித்த கசெட்.

பொலிஸ் நிலையத்தில் நீங்கள் தாளும் பேனையும் தந்து, இரண்டு கணினிகளிலும் என்ன செய்தேன் என்று முதலிலிருந்து ஒழுங்காக எழுதச் சொன்னீர்கள். ஒழுங்கைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. என் பெயர் கிறிஸ்ரோபர். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடமாகக் குருநகரில் வீடியோக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாம் எடுப்பேன். ஐந்தாறு வருடமாகப் பழைய கசெட்டுகளைத் தெளிவாக்கிக் கொடுக்கும் வேலைதான் அதிகம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பழைய கணினியின் கார்டில் ஆறு ஜிபி நினைவகம். இந்தத் தை மாதம் வாங்கிய புதியதில் பதினாறு. ஒப்பிட வேண்டுமென்றால் மென்பொருள் ஒன்றாக இருக்க வேண்டும், வீடியோ ஒன்றாக இருக்க வேண்டும், அறையின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோப்பின் பெயரில் எந்தக் கணினி, எந்த நேரம், யாருடைய படம் என்று போட்டு வைப்பேன். நீங்கள் இரண்டு கணினிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆகையால் நான் மறைத்து எழுதுவதில் பயனில்லை.

'யாருடைய படம்' என்பதை விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் எடுத்த கசெட்டில் முகம் என்பது மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல். அந்த நிழலை எவ்வளவு பெருப்பித்தாலும் பெரிய நிழல்தான் கிடைக்கும். இந்த மென்பொருள் அப்படிப் பெருப்பிப்பதில்லை. இல்லாததை இட்டு நிரப்புகிறது. எதைக் கொண்டு நிரப்புவது என்று அதற்குக் காட்ட வேண்டும். அதனால் கசெட் கொண்டு வருகிற எல்லாரிடமும், அதில் இருப்பவருடைய தெளிவான படம் ஒன்றும் கேட்பேன். அடையாள அட்டைப் படம் என்றாலும் போதும். இப்போது குருநகரில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கசெட்டும் படமும் சேர்த்தே ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். படம் இருந்தால்தான் மெசினுக்கு ஆளைத் தெரியும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். திரையைப் பார்த்து "அம்மாவேதான்" என்று அழுகிற ஒருவரிடம், அது அம்மாவல்ல, நீங்கள் கொண்டு வந்த அடையாள அட்டைதான் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னதில்லை.

இனி நீக்கிலாப்பிள்ளையரின் விடயம். எழுபத்திரண்டு வயது. கடலில் போய் வந்தவர். பிறகு கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் புதன்கிழமை விடிய ஐந்து மணி பத்து நிமிடமளவில், கடற்கரை வீதியில் சைக்கிளில் போனவரை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது. ஆறு மணிக்குப் பாண்காரர்தான் முதலில் கண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது உயிர் இல்லை. அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொன்னார்களாம். நான் அன்று கரவெட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். முகூர்த்தம் காலை ஏழு மணி. செய்தி மத்தியானம்தான் தொலைபேசியில் வந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கம். அதையும் நான்தான் எடுத்தேன். சனிக்கிழமை அவருடைய மகள் யசிந்தா கடைக்கு வந்தார். யசிந்தாவின் கல்யாணத்துக்கும் நான்தான் வீடியோ. கையில் பென் ட்றைவ் ஒன்று. அந்த இடத்துக்கு எதிரே இருக்கும் பலசரக்குக் கடையின் கமராவில் பதிவானது, நாற்பது விநாடி.

"அண்ணை, பொலிசிலை முகம் விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டினம். உங்கடை புது மெசினிலை ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."

"பாப்பம்," என்றேன். "திங்கக்கிழமை வாங்கோ. வரேக்கை படம் ஒண்டும் கொண்டு வாங்கோ."

"ஆற்றை படம்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "நீங்கள் ஆரெண்டு நினைக்கிறியளோ, அவற்றை," என்றேன்.

வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன். ஐந்தாறு வருடத்துப் பழக்கம் வாயில் தானாக வந்துவிடும்.

அந்த நாற்பது விநாடியில் இருப்பது இதுதான். மோட்டார் சைக்கிள் இடிக்கிறது. கிழவர் விழுகிறார். ஓட்டியவன் பத்து மீற்றர் தள்ளி நிறுத்தி, நடந்து திரும்பி வருகிறான். தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். குனிந்தபடி பதினொரு விநாடி நிற்கிறான். பிறகு தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். அவன் போன பிறகு கிழவரின் வலக்கை இரண்டு தடவை உயர்ந்து தாழ்கிறது. இடித்தவன் தலைக்கவசத்தை ஏன் கழற்றினான் என்பதுதான் ஊரில் எல்லாருக்கும் விளங்கவில்லை. ஓடிப் போகிறவன் முகத்தை மூடிக்கொண்டல்லவா ஓட வேண்டும். வண்டி கறுப்பு. இலக்கத் தகடு தெரியாது. அந்த வகைக் கறுப்பு வண்டி குருநகரில் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

அந்தக் கமரா விநாடிக்குப் பதினைந்து படச்சட்டம் எடுக்கும். நாற்பது விநாடிக்கு அறுநூறு. சனிக்கிழமை பின்னேரம் பழைய கணினியில் எந்தப் படமும் கொடுக்காமல் ஓட்டினேன். இருபது நிமிடம் எடுத்தது. வந்தது யாருமில்லாத ஒரு முகம், மெழுகில் செய்து தடவி விட்டது மாதிரி. அதையே புதியதில் ஓட்டினேன். ஒரு நிமிடம். அதே மெழுகு முகம். அதாவது வேகத்தில் இருபது மடங்கு வித்தியாசம், தரத்தில் வித்தியாசம் இல்லை. அந்த அளவில் நிறுத்தியிருந்தால் யசிந்தாவிடம் உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒரு பரிசோதனையைப் பாதியில் விட எனக்கு மனம் வராது. என்னுடைய படத்தைக் கொடுத்துப் பழையதில் ஓட்டினேன். அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கிறது. அந்த இருபது நிமிடமும் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் வந்தேன். என் நெற்றித் தழும்பு முதல் எல்லாம் வந்தது. பிறகு அப்பாவின் படத்தைக் கொடுத்தேன். அப்பா இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு செத்தவர். மோட்டார் சைக்கிளே ஓடத் தெரியாதவர். அப்பாவும் கடற்கரை வீதியில் வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, குனிந்து பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அப்பாவைப் பார்த்தபோது எனக்குத் துக்கம் வர வேண்டும். வரவில்லை. யாரைக் கொடுத்தாலும் வரும் என்று மட்டும் விளங்கியது. அதன் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன், நித்திரையும் வந்தது.

திங்கட்கிழமை யசிந்தா கொண்டு வந்தது றொகானுடைய படம். றொகானுக்கு முப்பத்தொரு வயது. றொகானின் இயந்திரப் படகு நீக்கிலாப்பிள்ளையரின் வலையைக் கிழித்ததில் போன மாதம் படகுத்துறையில் பெரிய வாய்த்தர்க்கம் நடந்தது. றொகான் கோபத்தில் ஏதோ சொல்லியிருக்கிறான், நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அவனிடமும் கறுப்பு வண்டி. அந்தப் படம் அவனுடைய தங்கையின் கல்யாணத்தில் நானே எடுத்தது. வெளிச்சம் நன்றாக விழுந்த படம். மென்பொருளுக்கு அதைவிட நல்லது கிடைக்காது.

யசிந்தா பக்கத்தில் இருக்கப் புதிய கணினியில் ஓட்டினேன். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பழைய கார்டாக இருந்திருந்தால் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் ஒருவர் எழும்பி வெளியே போகலாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று ஞாபகம் வரலாம், மனம் மாறலாம். எனக்கும்கூட மாறியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் எதுவும் மாறாது. புதிய கார்டின் குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

"உவனேதான்," என்றார் யசிந்தா. அழவில்லை. "எனக்கு முதலே தெரியும் அண்ணை. அப்பாவை இப்பிடிப் போட்டிட்டுப் போயிருக்கிறான்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பென் ட்றைவில் போட்டுக் கொடுத்தேன். செத்த வீட்டு விடயம் என்பதால் ஒன்றும் வாங்கவில்லை.

மத்தியானமே அது வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டது. பின்னேரம் றொகானை வீட்டு வாசலில் வைத்து அடித்தார்கள். தான் அந்த நேரம் கடலில் நின்றதாக அவன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். கூடப் போன தமையனும் சொல்லியிருக்கிறான். முகத்தைத் தெளிவாகக் கண்ட பிறகு யார் அதைக் கேட்பார்கள்? வியாழக்கிழமை றொகான் ஆஸ்பத்திரியில் செத்துப் போனான். அடித்தவர்கள் நாலு பேரையும் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவருடைய பிள்ளையின் திருமுழுக்கை நான் எடுத்திருக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து றொகானின் மனைவி றொசாந்தி கடைக்கு வந்தார். கறுப்பு உடுப்பு. சத்தம் போடவில்லை. தன் தொலைபேசியில் அந்த வீடியோவை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, அவர் அண்டைக்குக் கடலிலை நிண்டவர். உங்கடை மெசின் எப்பிடி அவரைக் கண்டது?"

"வெளிச்சம் குறைவு, தங்கச்சி. சில நேரம் அப்பிடி வரும்."

"எப்பிடி வரும்?"

றொசாந்தி திரையில் விரலை வைத்து, வீடியோவின் கடைசியில் உயர்கிற கையைப் பெருப்பித்தார்.

"நீக்கிலாப்பிள்ளையருக்கு வலக்கையிலை நாலு விரல்தானே. மீனுக்கு டைனமைட் போட்டதிலை ஒண்டு போனது ஊருக்கே தெரியும். இதிலை அஞ்சு நிக்குது. எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். நூற்றுக்கணக்கானோர் பார்த்த வீடியோ, எல்லாரும் முகத்தையே பார்த்திருக்கிறார்கள். அது என்னுடைய பிழை, ஒத்துக்கொள்கிறேன். முகத்துக்குப் படம் கொடுத்தேன், கைக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத இடத்தில் மென்பொருள் பொதுவாக மனிதருக்கு இருப்பதைப் போட்டு நிரப்பிவிடும். அன்று எனக்கு வந்தது வெட்கம். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு பிழையை வாடிக்கையாளர் பிடித்துத் தந்ததில்லை. றொசாந்தி அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தார். நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. கோப்புகளின் நேரத்தைப் பார்த்தால் எப்படியும் கேட்பீர்கள்: யசிந்தா சந்தேகப்படாத என்னுடைய படத்தை நான் ஏன் எல்லாருக்கும் முதல் கொடுத்துப் பார்த்தேன் என்று. என் வண்டியின் முன் சில்லுக்கு மேலிருக்கும் மட்காட் புதியது. அந்தப் புதன்கிழமை பின்னேரம் நெல்லியடியில் மாற்றினேன். கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும். கரவெட்டிக்கு ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் பால் அறுகு வைக்கும் சடங்கிலிருந்து எடுப்பதாகப் பேசியிருந்தேன். அன்று எடுத்த படங்களில் ஒன்றுகூட ஆடவில்லை. வேண்டுமானால் அந்த வீட்டாரிடம் வாங்கிப் பாருங்கள்.

தலைக்கவசத்தை ஏன் கழற்றினேன் என்பதற்குக் காரணம் சாதாரணமானது. கிழவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கழற்றிக் குனிந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பயம் இருக்கவில்லை. சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"ஓ, எங்கடை வீடியோக் கிறிஸ்ரோபரோ. நல்ல வேளை மோனை. தூக்கு."

பெயர் சொல்லிவிட்ட பிறகு தூக்கினால், தூக்கியவனும் இடித்தவனும் ஒருவனே என்று தெரிந்துவிடும். பதினொரு விநாடி அதைத்தான் யோசித்தேன். அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அப்படிப்பட்ட மனிதர் அல்ல. அது எனக்கு நெல்லியடி தாண்டிய பிறகுதான் தோன்றியது. திரும்பி வந்தால் முகூர்த்தம் தப்பிவிடும்.

றொகானை நான் காட்டிக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொண்டு வந்த படத்தைப் போட்டேன், அவ்வளவுதான். மற்றபடி அந்தக் கமராவில் ஒலி இல்லை. ஒலியைத் தெளிவாக்கும் மென்பொருளும் என்னிடம் இருக்கிறது. கிழவர் கடைசியாகச் சொன்னதை யசிந்தா கேட்க வேண்டுமென்று விரும்பினால் செய்து கொடுத்திருப்பேன், ஆனால் அதற்கு ஒரு சின்னச் சத்தமாவது முதலில் பதிவாகியிருக்க வேண்டும்.