மண்டபத்தில் படிக்க வேண்டியது

– நில்லு நில்லு. குண்டு எங்க பட்டுச்சுன்னு சொன்ன?

– தலையிலக்கா.

– போன வருஷம் நெஞ்சுலன்னு சொன்னியே தம்பி.

– என்னத்தச் சொல்றது, இருபது வருஷம் ஆச்சு. எங்கயோ ஒரு இடம். எழுதுங்க.

– எங்கயோ ஒரு இடமா? என் கூடப்பிறந்தவன்டா. நாளைக்கு நினைவு நாளுக்கு மண்டபத்துல, செத்தவங்க வீட்டாளுங்க அத்தனை பேர் முன்னாடியும் நான் எழுந்து நின்னு படிக்கணும். பொய்யைப் படிக்கச் சொல்றியா?

– டீ ஆறுதுக்கா.

– ஆறட்டும். அந்தப் படகுல போனவங்கள்ல உசுரோட இருக்கறது நீ ஒருத்தன்தான். அவன் கரையில காலை வெச்சானா இல்லியா?

– வெக்கலை.

– அப்ப குண்டு?

– குண்டே படலைக்கா. நாமதான அவங்க ஊர் மேல படையெடுத்துப் போனோம், சும்மா இருப்பாங்களா? கரையிலிருந்து மழையா பொழிஞ்சாங்க. ஆனா உங்க தம்பி, நம்ம குள்ளன் மேல ஒண்ணும் படலை. படகோட முன்கதவு விழுந்தாதான் இறங்க முடியும். அது விழலை. பக்கவாட்டுல ஏறிக் குதிச்சோம். முதுகுல அவ்ளோ பெரிய மூட்டை. தண்ணியில முங்கினவன் மேல வரவே இல்லை.

– கதவு ஏன் விழலை?

– கொண்டி துருப்பிடிச்சுப் போச்சு.

– யார்கிட்ட கதை விடற? படகுப் பட்டறையில பெயிண்ட் அடிச்சவ நான். அந்தச் சண்டைக்குன்னே செஞ்ச புதுப் படகுங்க. அதுல ஏதுடா துரு?

– விட்டுடுங்கக்கா. பஸ் போயிடும், நான் கிளம்பறேன்.

– உக்காரு. கொண்டியில துணி சுத்தாம பெயிண்ட் அடிச்சா காஞ்சு இறுகிடும். கடைசி வாரம் மேஸ்திரி ஒரு நாளைக்கு ஆறு படகு கேட்டாரு. துணி சுத்த யாருக்கு நேரம்? நானும் சுத்தலை. சொல்லு, பெயிண்டா?

– பெயிண்ட்தான். துப்பாக்கிக் கட்டையால இடிச்சேன், அசையலை. ஆனா அங்க முப்பது பேர் அடிச்சிருப்பீங்க. யார் அடிச்சதுன்னு யார் கண்டா?

– பார்த்தா தெரியும். கதவு மூலையில ஆளுக்கொரு அடையாளம் போடுவோம், மேஸ்திரிக்குத் தெரியாம. நான் கிளி போடுவேன். பார்க்கறவங்களுக்குக் கத்திரிக்காயாத்தான் தெரியும். குள்ளனுக்கு லெட்டர்ல வரைஞ்சு அனுப்பினேன், நாலு பக்கத்துக்குக் கிண்டல் பண்ணி எழுதினான்... ஏன் தரையைப் பார்க்கற?

– ஒண்ணுமில்லக்கா.

– உங்க ரெண்டு பேருக்கும் மூணாவது படகுன்னுதான கடைசி லெட்டர்ல எழுதியிருந்தான்? அந்த மூணுல போனவங்க முக்காவாசிப் பேர் நாளைக்கு மண்டபத்துக்கு வர்றாங்க. இத்தனை வருஷம் இது எனக்குத் தோணலையே. நீங்க ஏன் அதுல இல்லை?

– கேக்காதீங்கக்கா. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

– கேக்கறேன்.

– மூணுலதான் ஏறி உக்காந்தோம். இன்னொரு படகு பக்கத்துல வந்து நின்னுச்சு. அவன் அந்தக் கதவு மூலையைப் பார்த்தான். "டேய், எங்கக்கா கத்திரிக்காய்டா! இதுல போனா நமக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு, என் கையையும் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தாவினான்.