மருந்துக்கடை முன்னால் இரண்டு இடங்கள்

வண்டி நிறுத்துவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கோட்டுக்குள் நேராக, அடுத்தவர் கதவைத் திறக்க இடம் விட்டுத்தான் நிறுத்துவேன். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி நிறுத்தத் தருகிற நீல அட்டையையும் விதிப்படிதான் வைப்பேன். முன்கண்ணாடிக்குப் பின்னால், சொந்தக்காரரின் படம் கீழே போகும்படி, பக்கத்தில் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தோடு. அந்த அட்டையைப் பற்றி விசாரிக்கத்தான் கவுன்சிலிலிருந்து வந்திருக்கிறீர்கள். தந்துவிடுகிறேன். ஆனால் உட்காருங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டை என் அம்மாவுடையது. மீன் ஆலையில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் கைவிட்டு மீன் அறுத்தவள். கை மூட்டுகள் முதலில் போயின, பிறகு முழங்கால், இடுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தால் ஆன ஒரே உருப்படியான காரியம் அம்மாவுக்கு அட்டை வாங்கித் தந்ததுதான். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். நடந்து காட்டச் சொன்னபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை நிமிர்ந்து நடந்துவிட்டாள்.

"ஏம்மா, வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் காரில்.

"அந்தச் சின்னப் பசங்க முன்னாடி நான் நொண்டணுமாக்கும்? போடி" என்றாள். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான். உதவி கேட்கப் போகிற இடத்திலும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவார்கள். நான் மேல்முறையீடு செய்து, சண்டை போட்டு, அட்டையை வாங்கினேன்.

மருந்துக்கடை முன்னால் சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடங்கள் இரண்டுதான். தெருவின் மற்ற பகுதி முழுக்க பஸ் போகிற வழி, அட்டை இருந்தாலும் நிற்கக் கூடாது. பொது நிறுத்துமிடம் துறைமுகச் சாலைக்கு அந்தப் பக்கம். மீன் லாரிகள் போகிற சாலை. அம்மாவால் அதைக் கடக்க முடியாது.

பிறகு இங்கிலாந்து முழுக்க விதி மாறியது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அட்டை தரலாம் என்றார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. படித்தவள், விதியை முழுதாகப் படித்தேன். அட்டைகளைக் கூட்டினார்கள், தரையில் இன்னொரு படம் வரையவில்லை. இல்லாதவர்களை இல்லாதவர்களோடு மோதவிடுவது மேலே இருப்பவர்களுக்குச் சுலபம். இதை அப்போதே எல்லோரிடமும் சொன்னேன்.

அப்படி அட்டை கிடைத்த ஃப்ரேயாவும் அவள் அம்மா டெனிஸும் வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் வருவார்கள். ஃப்ரேயாவுக்குப் பதினைந்து வயது, என் உயரம். காதில் பெரிய ஹெட்போன். மருந்துக்கடையை ஒட்டிய டெர்ரியின் கடையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்பார்கள். வியாழன் சாயங்காலம் அந்த வறுவலைத் தவிர வேறெதையும் அந்தப் பெண் வாயில் வைக்கமாட்டாள். காரிலிருந்து இறங்கியதும் குதிப்பாள், குதித்துக்கொண்டே கடைக்குள் போவாள்.

"உங்க பொண்ணு நல்லாத்தானே குதிக்கிறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

டெனிஸ் சிரித்தாள், நிறையப் பேர் கேட்டுவிட்ட கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "நடக்கறது அவளுக்குப் பிரச்சினையே இல்ல கண்ணு. நிக்கறதுதான் பிரச்சினை. எதாவது சத்தத்துக்கு மிரண்டு ஓட ஆரம்பிச்சான்னா ரோடு, லாரி ஒண்ணும் தெரியாது. இங்க வாசல்லயே இறக்கினாத்தான் எனக்கு உசுரு வரும்."

அவள் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள். புரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

டெர்ரி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பேரப் புடிச்சீங்க? இந்த மீனுக்கும் கால் இல்ல பாருங்க, அதுக்கொரு அட்டை வாங்கிக் குடுங்களேன்."

அவன் கிண்டலுக்குக் காரணம் உண்டு. அட்டை ஆளுக்கு, வண்டிக்கு இல்லை. ஆள் இல்லாமல் இங்கே நிறுத்தினால் அது திருட்டு. இதை நான் அந்தத் தெருவில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரியில் அம்மா இறந்தாள்.

இறப்பைப் பதியும் அலுவலகத்தில் ஒரு பெண் மென்மையாகக் கேட்டாள். ஓய்வூதியம் உண்டா, பாஸ்போர்ட் உண்டா, நீல அட்டை உண்டா. ஓய்வூதியத்தை நிறுத்தச் சொன்னேன், பாஸ்போர்ட்டை ரத்து செய்யச் சொன்னேன். அட்டை இல்லை என்றேன். மற்றவை எல்லாம் அம்மாவுக்குத் தானாக வந்தவை, அட்டைக்காக மட்டும் அவள் அழுதிருந்தாள். வியாழக்கிழமைகளில் அம்மாவின் மருந்து வாங்கப் போவது எங்கள் வழக்கம். தொடர்ந்து போனேன். பக்கத்து இருக்கையை அவள் முழங்காலுக்காகப் பின்னால் தள்ளியது தள்ளியபடியே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. படம் கீழேதானே இருக்கிறது.

ஃப்ரேயாவுக்குத் தெரிந்தது. மே மாதம் ஒரு வியாழன், என் காரும் அவர்கள் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் வந்து அம்மா இருக்கைப் பக்கக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரும் இல்ல" என்றாள். "யாரும் இல்ல, யாரும் இல்ல." பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். மருந்துக்கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டெனிஸ் ஓடிவந்து அவளை விலக்கினாள். "மன்னிச்சுக்கோ கண்ணு. பாக்கறத அப்படியே சொல்லிடுவா, அவளுக்கு மறைக்கத் தெரியாது."

பரவாயில்லை என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த வியாழன் அவர்களுக்கு முன்பே போனேன். அன்று மட்டும் நான் நேராக நிறுத்தவில்லை. நடுக்கோட்டின் மேல் நிறுத்தினேன். ஒரு கார், இரண்டு இடம்.

டெனிஸ் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினாள். "கொஞ்சம் நகத்திக்கோயேன் கண்ணு. ஸ்கூல்ல என்னமோ ஆயிருக்கு, இன்னைக்கு இவ சரியில்ல."

"எங்கம்மா வந்துட்டிருக்காங்க. அவங்க ஏற கதவ முழுசாத் திறக்கணும்" என்றேன். அட்டையைச் சுட்டிக் காட்டினேன்.

அவள் என் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மரியாதை தெரிந்தவள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் போனாள். வறுவல் வாங்காமல் வீட்டுக்குத் திரும்ப அவளால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை ஓரத்தில் இருவரும் நின்றார்கள். டெனிஸ் மகளின் கோட்டைத் தோளோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஒரு லாரி பிரேக் போட்டுப் புஸ்ஸென்று காற்று விட்டது. ஃப்ரேயா கோட்டிலிருந்து கைகளை உருவிக்கொண்டு ஓடினாள். வந்தது வேறொரு லாரி. டெனிஸ் கோட்டைப் பிடித்தபடியே நின்றாள். அதை நீட்டிப் பிடித்திருந்தாள், அந்தப் பெண் திரும்பி வந்து போட்டுக்கொள்வாள் என்பதுபோல.

ஆம்புலன்ஸுக்கு இடம் வேண்டுமே என்று என் வண்டியைக் கோட்டுக்குள் நேராக்கினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போலீஸ்காரர் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

டெனிஸ் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. தான் இறுக்கிப் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாளாம்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் குளிர்ந்த காலையில் காருக்குள் பனி படியும்போது அம்மா பக்கக் கண்ணாடியில் ஒரு நெற்றி அளவுக்கு மட்டும் படிவதில்லை. வெளிப்பக்கம் சோப்புப் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். கறை உள்பக்கம் இருக்கிறது. இப்போதெல்லாம் அதை மறைக்க அம்மாவின் சால்வையைத் தொங்கவிடுகிறேன். மறுநாள் பார்த்தால் சால்வை இருக்கையில் மடிந்து கிடக்கிறது.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். இது உங்கள் வேலை இல்லை, போலீஸ் வேலை என்கிறீர்கள். கூப்பிடுங்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்வேன். அந்தப் பெண் ஓடுவாள் என்று தெரிந்து, ஓடட்டும் என்றுதான் நான் நகராமல் இருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான்.

இந்தாருங்கள் அட்டை. எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இனி வியாழக்கிழமை அம்மாவை நான் எங்கே இறக்கிவிடுவது?