பதினெட்டு செகண்டு

அட, வாயத் தொறக்கப் பாக்காத சாமி. தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்கறாங்க, மறந்துட்டயா? நேத்து அந்த நர்சம்மா என்னையப் புடிச்சு அந்தக் கத்து கத்துச்சு, நீங்க பேச்சுக் குடுக்கறதுனாலதான் அவரும் பேசப் பாக்கறாருன்னு. ஆமான்னா ஒருக்காக் கண்ண மூடித் தொற, இல்லைன்னா கைய ஆட்டு. ஏழு நாளா அப்படித்தான நம்ம பேச்சு ஓடுது. பேச்சுன்னா, நான் பேசறேன், நீ கேக்கற. எங்கூட்டுக்காரி சாரதாமணிகூட எம்பேச்ச இத்தனை நேரம் உக்காந்து கேட்டதில்ல.

இந்தா, ராயிக் கஞ்சி. தண்ணியாக் கரைச்சு, துணியில வடிகட்டிக் கொண்டாந்திருக்கறேன். ஸ்ட்ராவ அந்தப் பக்கமா வையி, பல்லு போன சந்துல. ஆங், அப்படித்தான். மெதுவா.

லேட்டுதான், ஒத்துக்கறேன். மல்லசமுத்திரத்துல ஏறுனதுல இருந்து சேலம் வார வரைக்கும் நின்னுட்டே வந்தேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு உட்டதுல இருந்து டவுன் பஸ்ஸுல நமக்கு எங்க எடம்? நாந் தப்புன்னு சொல்லல சாமி. அப்படிச் சொன்னா எங்கூட்டுல எனக்குச் சோறு கெடைக்காது. தறிக்கும் மில்லுக்கும் போற புள்ளைங்க நிம்மதியா வந்து போகுதுங்க, நல்லதுதான். ஆனா கண்டக்டரு நம்மகிட்ட மட்டும் காச வாங்கிட்டு, உள்ள போங்க உள்ள போங்கன்னு வெரட்டறாம் பாரு, அப்பத்தான் எனக்குப் பத்திட்டு வருது. உள்ள எங்கய்யா போறது, டிரைவரு மடியிலயா?

அதையாச்சும் தாங்கிக்கலாம். இந்தச் செல்லுச் சத்தம் இருக்குதே, கெரகம். எனக்கு இக்கட்ட நின்ன ஆளு செய்தி கேக்கறாரு. அக்கட்ட ஒரு புள்ள குத்துப்பாட்டு. பின்னால ஒரு பெரியவரு, தங்கம் இன்னும் ஏறுமா எறங்குமான்னு எவனோ கத்தறதக் காதுல வச்சுக் கேக்கறாரு. காதுல மாட்டறது ஒண்ணு விக்கறான்ல, வாங்கி மாட்டுனா என்ன? எவனும் எதையும் முழுசாக் கேக்கறதில்ல சாமி. பத்து செகண்டு, தள்ளி உட்டர்றான். அடுத்ததுல பத்து செகண்டு. பத்து செகண்டுல ஒரு விசயத்தப் பத்தி என்ன தெரியும்?

சரி உடு. குடி நீ.

டிவியக் கேக்கறயா? உன்ற சேதி இப்ப ஓடறதில்ல. மொத நாலு நாளு ஓடுச்சு. அக்கட்ட ரெண்டு பேரு, இக்கட்ட ரெண்டு பேரு, நடுவுல கோட்டு போட்ட ஒருத்தன். வடக்கத்தி ஆளுங்க வந்ததுதான் பிரச்சனைன்னு ஒருத்தரு. வந்தவங்களுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு இன்னொருத்தரு. உன்ற பேர ஒருத்தருஞ் சரியாச் சொல்லல. சுதாமு, ஒடிசாக்காரரு, வெண்ணந்தூருப் பக்கம் கந்தவேல் தறிப்பட்டறையில அஞ்சு வருசமாத் தறி ஓட்டறாருன்னு நாலு வார்த்தை சொல்ல அவனுங்களுக்கு நாக்கு வரல. தொழிலாளி தொழிலாளின்னே சொல்லிட்டிருந்தானுங்க. அஞ்சாம் நாளு ஏதோ ஒரு பெரிய படத்துக்கு டீசரு வந்துச்சு, உன்னைய அத்தோட உட்டுட்டானுங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ரிமோட்டத் தூக்கி அடிச்சேன், பேட்டரி ரெண்டும் கட்டிலுக்கு அடியில போயிருச்சு.

படம்னு சொன்னதும் நெனப்பு வருது. நீ மொத நாளே கையக் காட்டிக் கேட்ட, நீங்க யாரு, என்ன சோலின்னு. சங்கத்துல இருந்து வாரேன்னு சொல்லி வச்சேன். நர்சம்மாகிட்டயும் அப்படித்தான். எந்தச் சங்கம்னு நீயும் கேக்கல, அவியளும் கேக்கல. சங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. எனக்கு மைக்செட்டு. மைக்செட் தங்கமுத்துன்னா மல்லசமுத்திரம் வட்டாரத்துல யாரையும் கேளு. ஒரு காலத்துல ஆட்டோவுல ஒலிபெருக்கியக் கட்டிட்டு, இன்று முதல் உங்கள் அபிமான தியேட்டரில்னு ஊரூராக் கத்திட்டுப் போனவன் நாந்தான். அந்தத் தியேட்டருங்க பாதி கல்யாண மண்டபமாயிருச்சு. இப்பக் கல்யாணத்துக்கும் நானே சொல்றேன், எழவுக்கும் நானே சொல்றேன். கட்சிக்காரங்க ரெண்டு பக்கமும் என்னையத்தான் கூப்புடுவாங்க. முகத்தக் காட்டுனா சில பேருக்குத் தெரியாது. வாயத் தொறந்தா, அட நம்ம தங்கமுத்தும்பாங்க.

ஆனா எனக்குப் பேரு வந்தது அதுலயெல்லாம் இல்ல. புள்ள கண்டுபுடிக்கறதுல. சிரிக்காத, வலிக்கும். மெய்யாலுந்தான். தேருன்னா எத்தனை ஆயிரம் சனம் வரும்? அதுல புள்ளைங்க தொலைஞ்சுதான் போகும். யாராச்சும் தூக்கிட்டு வந்து என்ற மேடையில உடுவாங்க. மஞ்சச் சட்டை போட்ட பாப்பா இங்க இருக்குது, பெத்தவங்க வாங்கன்னு நாஞ் சொல்லுவேன். இருவத்திரண்டு வருசத்துல நூறு புள்ளைக்கு மேல சேத்து உட்டிருக்கறேன். அதுல எனக்குன்னு ஒரு வழமை உண்டு. யாரு கையில புள்ள இருந்தாலும், மொதல்ல அந்தப் புள்ளைகிட்டயே கேப்பேன். கண்ணு, இவிய யாரு உனக்குன்னு. அப்பறம் தூக்கிட்டு வந்தவரு பேரு, ஊரு. அதையெல்லாங் கேட்டு முடிச்சுட்டுத்தான் மைக்கத் தொறப்பேன். அவசரப்பட்டுக் கத்துனா, தப்பான ஆளு வந்து, எம்புள்ளைன்னு கூட்டிட்டுப் போயிருவான் பாரு. ஒருக்காக்கூட அந்த வழமைய நான் மீறுனதில்ல. மைக்குல மீறுனதில்ல.

வழியுது பாரு, இரு, தொடைச்சு உடறேன். ஆங்.

நேத்து மத்தியானம் உன்ற பட்டறையில வேலை செய்யற சௌமியா வந்து பாத்துச்சு இல்ல? நீ தூங்கிட்ட. வெளிய வராந்தாவுல உக்காந்து அந்தப் புள்ள எங்கிட்ட அழுதுச்சு. அண்ணா அண்ணான்னு உன்னையச் சொல்லுது சாமி. காலையில எட்டு மணிக்கு அது தறிக்கு வரும், ராத்திரி சிப்டு முடிச்சுட்டு நீ கெளம்புவ. பால்வாடி தொறக்க ஒம்பதரை ஆகுமாம். அதுவரைக்கும் அதும் பாப்பாவ உன்ற ரூமுல வச்சிருந்து, பொறவு பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி பால்வாடியில உட்டுட்டு வந்துதான் படுப்பயாமா. ரெண்டு வருசமா அப்படித்தானாமா. நீ செய்யலைன்னா அது வேலைக்கே வந்திருக்க முடியாதுங்குது. அன்னிக்குப் பாப்பாவுக்குக் கொஞ்சம் காச்சலு, அழுதுட்டே இருந்துச்சுன்னு சொல்லுச்சு. நீ பிஸ்கோத்து வாங்கிக் குடுத்து, கரட்டுப்பிரிவு ஸ்டாப்புல தோள்ல போட்டுட்டு நின்னிருக்கற.

டிவியில என்ன சொன்னான் தெரியுமா? கடத்தல்காரனிடமிருந்து கூட்டம் குழந்தையை மீட்டதுன்னான். மீட்டாங்களாமா! கருமாந்திரம் புடிச்சவனுங்க. அந்தப் புள்ள உன்ற கழுத்த உடாமக் கட்டிட்டிருந்துச்சு. அடி அதும்மேல உழுந்துரும்னு நீயும் அதைய அணைச்சுட்டு ரோட்டுல குப்புற உழுந்துட்ட. புள்ளைய உடமாட்டேங்கறான் பாருன்னு அதுக்கும் சேத்து மிதிச்சானுங்க. ஒருத்தனாச்சும் பாப்பாகிட்டக் கேட்டானா, இவிய யாரு கண்ணு உனக்குன்னு? கேட்டிருந்தா, மாமான்னு சொல்லியிருக்கும். மூணு வயசுப் புள்ளைக்கு அது தெரியுமே.

ஏஞ்சாமி அப்படிப் பாக்கற? அழுகல நானு. பஸ்ஸுல தூசி.

சரி. சொல்லித்தான ஆகோணும்.

அன்னிக்கு நானும் அந்த ஸ்டாப்புல இருந்தேன். கீழ இல்ல, பஸ்ஸுக்குள்ள. வெண்ணந்தூருல ஒரு எழவுக்கு மைக்கு கட்டிட்டுத் திரும்பி வந்திட்டிருந்தேன். சன்னலோரம் சீட்டு. பஸ்ஸு அங்க ரெண்டு நிமிசம் நின்னுச்சு. உன்னையப் பாத்தேன். தலையெல்லாம் பஞ்சு, வாயில பாக்கு, தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. தோள்ல நம்மூருப் புள்ள, வீறிட்டு அழுகுது. அதும் வாயில பிஸ்கோத்தத் திணிக்கற. எறங்கி ஒரு வார்த்தை கேக்கலாமான்னு தோணுச்சு சாமி, பொய் சொல்லல. மெய்யாலுமே எந்திரிச்சேன். அப்ப நின்னுட்டிருந்த ஒருத்தன் என்ற சீட்டையே பாத்தான். எறங்குனா சன்னல் சீட்டு போயிரும்னு மறுபடி உக்காந்துட்டேன்.

உக்காந்துட்டுச் செல்ல எடுத்தேன். எங்கூருல ஒரு வாட்சப் குரூப்பு, எரநூத்திச் சொச்சம் பேரு. தெனம் காலையில அதுல நான் பேசுவேன். பெட்ரோலு வெலை, புதுப்படம் எப்படி, எந்த ரோட்டுல குழி, எல்லாம். தங்கமுத்து சொன்னாச் சரியா இருக்கும்னு நம்புவாங்க. கரட்டுப்பிரிவுல வடக்கத்தி ஆளு ஒருத்தன் அழுகற புள்ளைய வச்சுட்டு நிக்கறான், பக்கத்துல இருக்கறவங்க உடனே போயிப் பாருங்க, தப்பிக்க உட்றாதீங்கன்னு பேசி அனுப்புனேன். பதினெட்டு செகண்டு. அனுப்பிட்டுப் பக்கத்துல இருந்தவருகிட்டக் கிரிக்கெட்டப் பத்திப் பேசிட்டு வந்தேன்.

இன்னும் இருக்குது, கேளு. வெக்கத்த உட்டுச் சொல்றேன். முக்கா மணி நேரத்துல வீடியோ வந்துச்சு. உன்னைய அடிக்கற வீடியோ. அதைய அந்த மனுசன்கிட்டக் காட்டி, பாத்தீங்களா, நாஞ்சொன்ன ஆளு, அமுக்கிட்டாங்கன்னேன். பெருமையாச் சொன்னேன் சாமி. வீடியோ முடியறப்பத்தான் சௌமியா ஓடியாந்து கத்தறது கேட்டுச்சு. எங்கண்ணன் அது, எங்கண்ணன், எம்புள்ளைய வளக்கறவருன்னு. அதுக்கப்பறம் நான் எங்க எறங்குனேன், எப்படி ஊடு போய்ச் சேந்தேன்னு தெரியல.

ஆறு பேரப் புடிச்சிருக்கறாங்க. அடிச்சவனுங்க. பேசுனவனத் தேடறாங்க. குரூப்புக் குரூப்பாப் போனதுல பேரு அழிஞ்சு போச்சு, கொரலு மட்டுந்தான் சுத்துது. எங்கூரு குரூப்ப அன்னிக்கே கலைச்சுட்டாங்க. எரநூறு பேருக்கும் தெரியும் அது யாரு கொரலுன்னு. ஒருத்தன் மூச்சு உடல. நம்ம ஆளாமா. டீக்கடையில என்னையப் பாத்தா எடம் உட்டு உக்கார வைக்கறாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

உனக்கு இதெல்லாம் புதுசில்லைன்னு எனக்குத் தெரியும். நேத்துப் பொழுது சாயறப்ப ஏட்டய்யா வந்தாருல்ல? நான் வெளிய குழாயில கஞ்சிப் பிளாஸ்க்கக் கழுவிட்டிருந்தேன். அவரு செல்லுல அதைய உனக்குப் போட்டுக் காட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவை போட்டாரு. இந்தக் கொரல எங்கயாச்சும் கேட்டிருக்கறயாப்பான்னு கேட்டாரு. நான் அப்படியே நின்னுட்டேன். ஆறு நாளா இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருக்கறேன், உனக்குத் தெரியாம இருக்குமா? நீ வாசப்பக்கம் திரும்பி என்னையப் பாத்த. நேரா என்ற மூஞ்சியப் பாத்த. அப்பறம் கைய ஆட்டுன. இல்லைன்னு.

ஏஞ்சாமி ஆட்டுன? ராத்திரி பூராவும் அதே வெசனந்தான் எனக்கு.

பிளாஸ்க்கையா காட்டற?

கஞ்சி... கஞ்சிக்காகவா? நானும் போயிட்டா ஊத்தறதுக்கு ஆளில்லைன்னா?

அட சாமி. உன்ற மொதலாளி கந்தவேலு ஒரு நாளு வந்து எட்டிப் பாத்ததோட சரி. அதுவும் மெய்தான். உனக்கு இங்க வேற யாரு இருக்கறா.

கஞ்சி வரும் சாமி. சாரதாமணிகிட்ட இன்னிக்குக் காலையில எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி அடுப்புல ராயி மாவக் கரைச்சா. நாளையில இருந்து அவதான் கொண்டாருவா. நாளன்னிக்கு ஒடிசாவுல இருந்து உன்ற சம்சாரம் வந்து ரயில உட்டு எறங்கறப்ப சௌமியாவும் சாரதாமணியும் ஜங்சனுக்குப் போயிக் கூட்டிட்டு வருவாங்க. பாஷை தெரியாத ஊருல அது தனியா நிக்காது.

ஏட்டய்யா கீழ போலீசு ரூமுலதான் உக்காந்திருக்கறாரு, வாரப்பவே பாத்துட்டேன். போயி முன்னால நின்னு, ஐயா, வணக்கமுங்கன்னு சொன்னாப் போதும், அவருக்குத் தெரிஞ்சுரும். பிளாஸ்க்கு மூடிய இறுக்கி வச்சிருக்கறேன், இன்னும் பாதி இருக்குது. சூடு ஆறறதுக்குள்ள நர்சம்மாகிட்டக் கையக் காட்டி ஊத்திக்க.

கைய உடு சாமி.

ஏ... உடு. நான் போவோணும். உடு.